வாய்க்காலில் என் முகம்

எங்கள் வகுப்பில் தாலி போட்டிருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் பிணமாகக் கிடக்கும் வேலை எனக்கு வந்தது.

விஷுவல் கம்யூனிகேஷன், மூன்றாம் ஆண்டு. இரண்டு வருஷம் படித்து முடித்த கோடையில் எனக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதானபோது மறுசேர்க்கை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படிக்க வந்தேன். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சென்னையில் சேனல்களில் இருக்கிறார்கள். இப்போது உடன் படிப்பவர்கள் என்னைவிட நான்கு வயது சின்னவர்கள். அக்கா என்று கூப்பிடுவார்கள். தலைவலி மாத்திரை, ஊக்கு, ஈரத்துண்டு எல்லாம் என் பையில் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மதியம் கேன்டீனில் என் டப்பாவைத்தான் முதலில் திறப்பார்கள். மூன்றே காலுக்கு நான் பையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடும்போது, அவர்கள் அன்றைய நாளை அப்போதுதான் ஆரம்பிப்பதுபோல் மரத்தடியில் உட்காருவார்கள்.

வீடு, தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் நடுவில். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். மகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார். நான் மறுபடி படிக்கப் போகிறேன் என்றபோது மாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கேமராவுக்குப் பின்னாடி என்ன வேணா பண்ணு. முன்னாடி மூஞ்சியக் காட்டுற வேலை மட்டும் வேணாம். அவன் அங்க தனியா கிடக்கான், யாராச்சும் எதையாச்சும் சொல்லுவாங்க." நான் சரி என்றேன். கணவரிடமும் போனில் அதையே சொன்னேன். மாமியாரிடம், எடிட்டிங்தான் அத்தை, உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலை என்றேன். படிப்பு நடப்பதே அந்த வார்த்தையின் மேல்தான் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஐந்தாம் செமஸ்டரில் குழுவாக ஒரு பத்து நிமிட வீடியோ எடுக்க வேண்டும். எந்தத் தலைப்பும் எடுக்கலாம். எட்டுக் குழுக்களில் ஆறு குழுக்கள் குற்றத்தை எடுத்தன. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். நானும்தான். மகளுக்குச் சோறூட்டும்போது ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கொலை வழக்கு வீடியோக்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். அவள் ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கால் மணி நேரம் உட்காருவாள். அந்தக் கால் மணி நேரத்தில் ஒருவன் தன் மனைவியைக் கொன்று, பிடிபட்டு, வாக்குமூலம் கொடுத்து முடித்திருப்பான். எனக்குப் பயமோ வருத்தமோ வந்ததில்லை. அடுத்தது எது என்று விரல் தள்ளும்.

எங்கள் குழுவில் மூன்று பேர். இயக்கம் ஒரு பையன். கேமரா ஒரு பெண். எடிட்டிங் நான். பையன்தான் வழக்கைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். முந்தைய வருஷம், ஆற்றில் தண்ணீர் திறந்த வாரத்தில், எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கிளை வாய்க்காலின் மதகில் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். துணி துவைக்கப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று கணவன் சொன்னான். கழுத்தில் காயம் இருந்ததாக அம்மா சொன்னாள். போலீஸ் சந்தேக மரணம் என்று எழுதி வைத்ததோடு சரி. பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் தபால்தலை அளவில் ஒரு படம் வந்திருந்தது. அதில் முகமே தெரியவில்லை, ஒரு கறுப்பு மசி. நாங்கள் அவள் வீட்டுக்குப் போய் வேறு படம் கேட்டிருக்கலாம். இரண்டு பஸ் மாறினால் போயிருக்கலாம். கேட்டால் அழுவார்கள், அழுதால் என்ன செய்வது என்று தெரியாது, இன்டர்னல் தேர்வு வேறு இருந்தது. போகவில்லை.

துறைத் தலைவர் மேடம் திரைக்கதையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். தலைப்பில் கேள்விக்குறி போடுங்கள், அப்போது நாம் எதையும் சொன்னதாக ஆகாது என்றார். விபத்தா? கொலையா? என்று வைத்தோம்.

பிணம் யார் என்ற பேச்சு வந்தபோது இருவரும் என்னைப் பார்த்தார்கள். கேமராப் பெண் புடவை கட்டினால் பள்ளி ஆண்டு விழா மாதிரி இருக்கும் என்று அவளே சொன்னாள். பையன் என் கழுத்தையும் கால் மெட்டியையும் காட்டி, இதெல்லாம் நிஜமாக இருக்கிறதே அக்கா என்றான். நான் வீட்டில் கொடுத்த வார்த்தையைச் சொன்னேன். தூரத்திலிருந்துதான் எடுப்போம், முகம் வந்தால் மங்கலாக்கிவிடலாம், எடிட்டரே நீங்கள்தானே என்றார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் இருந்தது. அந்த அரை நிமிஷத்தில், மறுத்தால் குழு மதிப்பெண் போகுமே, இத்தனை நாள் மூன்றே காலுக்கு ஓடியதை இவர்கள் பொறுத்துக்கொண்டார்களே என்று என்னென்னவோ யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் தேதி குறித்துவிட்டார்கள்.

தண்ணீர் முறை வைத்து விடுகிற நாட்கள். முறை இல்லாத நாளில் அந்த வாய்க்காலில் ஒரு சாண் அளவுதான் நிற்கும். அப்படி ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போனோம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், ஆள் இல்லை. பழைய நூல் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி மல்லாந்து படுத்தேன். தலைக்கடியில் ஒரு செங்கல் வைத்தார்கள். காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் சத்தம் நின்றது. மேலே வானம் வெள்ளையாக இருந்தது. பையன் ஏதோ சொல்கிறான், கையை ஆட்டுகிறான், எனக்குக் கேட்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிட முடியாது என்பது புரிய கொஞ்ச நேரம் ஆனது. மகள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நேரம் இருந்ததில்லை. கண்ணை மூடினேன். தூங்கிவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். நான்கு நிமிஷம். கேமராப் பெண் அதை நிறுத்தாமல் எடுத்திருந்தாள். முகத்தில் எதுவுமே இல்லை அக்கா, சூப்பர் என்றாள்.

என்னை எழுப்பியது ஓர் ஆள் போட்ட சத்தம். மதகைத் திறந்து மூடும் லஸ்கர், டிவிஎஸ் மொபெட்டைக் கரையில் அப்படியே சாய்த்துவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். நான் எழுந்து உட்கார்ந்ததும் அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பையன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். குடித்துவிட்டுத்தான் திட்டினார்.

"ஏம்ப்பா, ஒருதடவ பாத்தது போதாதா எனக்கு? தாலியும் மெட்டியுமா ஒரு பொண்ண இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க. உங்க வீட்டுல சொல்லிட்டா வந்தே நீ?"

கடைசிக் கேள்வி எனக்கு. நான் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன். போன வருஷம் அந்தப் பெண்ணை முதலில் பார்த்தவர் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பையன் உடனே அவரைப் பேட்டி எடுக்கலாமா என்று கேட்டான். அவர் முடியாது என்றார். மொபெட்டை நிமிர்த்திக்கொண்டே இன்னொன்று சொன்னார். "அது குப்புறக் கிடந்துச்சு. நீங்க மல்லாக்கப் போட்டிருக்கீங்க."

அவர் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் கரையில் நின்று அதைப் பேசினோம். குப்புறப் போட்டால் முதுகும் கொண்டையும்தான் தெரியும், பார்ப்பவர்களுக்கு ஒட்டாது, முகம் வேண்டும் என்றான் பையன். கேமராப் பெண்ணும் ஆமாம் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதுவரை படித்ததில் எனக்குத் தெரிந்ததும் அதுதான். இன்னொரு முறை தண்ணீரில் இறங்கவும் மனசில்லை. மூன்றே கால் பஸ்ஸுக்கு முன் தலை காய வேண்டும்.

அந்த வார மதியங்களில் லேபில் உட்கார்ந்து எடிட் செய்தேன். மங்கலாக்கிப் பார்த்தேன், ஒரு நிமிஷ வேலை. முகம் மங்கியதும் அந்த இடத்தில் வீடியோ தொய்ந்துபோனது. ஷாட்டையே எடுத்துவிட்டுப் பார்த்தேன், முன்னும் பின்னும் ஒட்டவில்லை. திரும்ப வைத்தேன். வெளிறிப்போன ஒரு முகம், வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் ஈர முடி. என் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. நல்ல ஷாட் என்றுதான் தோன்றியது. எங்கே வெட்டினால் பார்ப்பவர் மூச்சு நிற்கும் என்று இரண்டு ஃப்ரேம் முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். மாமியார் யூடியூப் பார்ப்பதில்லை, சீரியல்தான் பார்ப்பார். கணவர் கிரிக்கெட் பார்ப்பார். எங்கள் கல்லூரி வீடியோவை யார் பார்க்கப் போகிறார்கள்?

பார்த்தார்கள். யூடியூபில் முகப்புப் படமாகப் பையன் அந்த முகத்தையே வைத்திருந்தான். முதல் வாரத்தில் பக்கத்து ஊர்களில் பரவியது, பிறகு எங்கெங்கோ. கீழே ஆழ்ந்த இரங்கல் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். எவ்வளவு அழகான பெண், மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள், இவளைக் கொல்ல எப்படி மனசு வந்தது என்று எழுதியிருந்தார்கள். வகுப்பில் அதை உரக்கப் படித்து, அக்கா, நீங்க செத்த பிறகுதான் ஃபேன்ஸ் வந்திருக்காங்க என்று கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன். வீடியோவிலிருந்து முகத்தை மட்டும் யாரோ வெட்டி எடுத்து, நடந்தது இதுதான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அதில் நடிப்பு என்ற வார்த்தை எங்கும் இல்லை. எங்கள் வீடியோவிலும் கடைசியில் பெயர்கள் ஓடும் இடத்தில்தான் இருந்தது. அதுவரை யாரும் பார்ப்பதில்லை.

மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பிய ஒரு நாள், பேருந்து நிலையத்துக்கு வெளியே பஸ் நின்றது. ஏதோ ஓர் அமைப்பின் ஆர்ப்பாட்ட ஃப்ளெக்ஸ். நீதி வேண்டும் என்று பெரிய எழுத்து. பக்கத்தில் மூன்றாள் உயரத்துக்கு என் முகம். மடியில் இருந்த மகள் விரல் நீட்டி அம்மா என்றாள். பக்கத்து சீட்டுப் பெண், குழந்தை உங்களைக் கூப்பிடுகிறது என்று என்னிடம் சொன்னாள். ஆமாம் என்றேன். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் மறுபக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். வீட்டில் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் வேறு எதையோ பேசினேன்.

இரண்டு வாரம் கழித்துத் துறைத் தலைவர் எங்கள் மூவரையும் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் ஓர் அம்மா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நகக் கண்ணில் சேற்றுக் கறை. நடவு வேலையை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். வாய்க்காலில் இறந்த பெண்ணின் அம்மா. நான் உள்ளே நுழைந்ததும் கண்டுகொண்டார்.

"நீதானாம்மா அது. நல்லாருக்கியா?"

நல்லா இருக்கேன் என்றேன். அவர் மேடத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"எனக்குக் கோவம் இல்ல டீச்சர். ஒரு வருஷமா கத்துனோம், யாரும் காதுல வாங்கல. இந்தப் பிள்ளைங்க எடுத்துப் போட்டுச்சுங்க, இப்ப ஊரே கேக்குது. ஆனா கேக்குறதெல்லாம் இந்தப் பொண்ணுக்குல்ல கேக்குறாங்க. பேத்தி அந்தப் படத்தப் பாத்துட்டு, இது எங்கம்மா இல்லங்குது. கூட்டம் போட்டவங்ககிட்ட என் பொண்ணு போட்டோவக் கொடுத்தேன். இது வேணாம்மா, அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குன்னுட்டாங்க."

ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஏதோ கல்யாண வரவேற்பில் எடுத்தது. கறுத்த, ஒல்லியான பெண். பல் கொஞ்சம் எத்தியிருந்தது. ஃபிளாஷுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, என் மகள் வயது. நாங்கள் பத்து நிமிடம் அவளைப் பற்றிப் பேசியிருந்தோம். அவள் எப்படி இருப்பாள் என்று அன்றுதான் பார்த்தோம்.

வீடியோவை எடுத்துவிடுகிறோம் என்றான் பையன். எடுத்தால் என்ன, படம் எல்லார் போனிலும் இருக்கிறதே என்றாள் கேமராப் பெண். மேடம் ஒரு மறுப்புக் குறிப்பு எழுதிப் போடலாம் என்றார். அந்த அம்மா, படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அது நான்தான், நான் உசுரோட இருக்கேன், செத்தது இவதான்னு நீயே சொல்லணும். உன் வாயால சொன்னாத்தான் நம்புவாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்ட இடத்தை, இப்போது என் முகத்தைக் காட்டித் திருப்பித் தர வேண்டும். தந்தால் வீட்டில் படிப்பு நிற்கும். மேடத்துக்கு அது தெரியும், சேர்க்கையின்போது சொல்லியிருந்தேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லும்மா என்றார். அந்த அம்மா படத்தைக் கவருக்குள் வைத்தார். பிறகு மறுபடி வெளியே எடுத்து, கேமராப் பெண் போனில் பிடித்துக்கொள்ளட்டும் என்று நீட்டினார்.

அன்று மதியமே கிளம்பிவிட்டேன். மாமியார் கொடியில் காய்ந்த மகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும், எனக்குத் தெரியும் என்றார். அவருடைய மகளிர் குழு வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது.

"மொத மொத பாத்தப்ப நீதான் செத்துட்டேன்னு நெனச்சேன். அப்புறம் அடுப்படியில நீ பாத்திரம் வெளக்குற சத்தம் கேட்டுச்சு."

"ஏன் அத்தை கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

குழுவில் இருந்த பெண்கள் எல்லாம், இது உங்க மருமக ஜாடையில் இருக்கே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை, என் மருமகள் அப்படிப்பட்ட வேலைக்கெல்லாம் போகமாட்டாள் என்று அவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை அல்ல, நாலைந்து பேரிடம். இப்போது நான் வந்து சொன்னால் அவர் பொய் சொன்னவராகிவிடுவார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கவுனின் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். கடைசித் துணியையும் மடித்து அடுக்கினார்.

"பெத்தவ வந்து கேட்டிருக்கா. செய்யாம இருக்க முடியாது. உன் புருஷன்கிட்ட நீயே சொல்லிக்க. நான் நடுவுல வரமாட்டேன்."

ஆறு மணிக்குக் கணவர் வீடியோ காலில் கூப்பிட்டார். மகள் முதலில் பேசி முடித்தாள். நான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தால் போன் சிக்கியிருக்கிறதோ என்று தோன்றியது. சிக்கவில்லை. எப்போ எடுத்தது என்று கேட்டார். யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். தாலியோடவா என்று கேட்டார். செய்ய வேண்டியதைச் செய், பிறகு நான் பொங்கலுக்கு வரும்வரை காலேஜுக்குப் போக வேண்டாம், வந்து பேசிக்கொள்ளலாம் என்றார். பொங்கல் என்றால் செமஸ்டர் தேர்வு முடிந்திருக்கும். அவருக்கும் தெரியும். சரி என்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மகளுக்கு இட்லி ஊற்றப் போனேன்.

மறுநாள் கல்லூரி ஸ்டுடியோவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கையில் கொடுத்திருந்தார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது என் முகம், நான் மாணவி, நடித்தேன், உயிரோடு இருக்கிறேன், வாய்க்காலில் இறந்தவர் இவர், அவர் குப்புறக் கிடந்தார், நாங்கள்தான் மாற்றினோம் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கேமராப் பெண் தயங்கித் தயங்கி, அக்கா, கொஞ்சம் ஃபீல் பண்ணிச் சொன்னால் இன்னும் போய்ச் சேரும் என்றாள். அவள் சொன்னது தவறில்லை, அதைத்தான் படிக்கிறோம். இன்னொரு முறை சொன்னேன். முதல் முறை மாதிரியேதான் வந்தது. நான் எதையும் வெட்டாமல் அப்படியே ஏற்றச் சொன்னேன்.

மாமியார் அதைத் தன் மகளிர் குழுவுக்கு அவர் கையாலேயே அனுப்பினார். இரண்டு வாரம் கூட்டத்துக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் போனார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் கல்லூரிக்குப் போவதில்லை. பையன் வகுப்புக் குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்புகிறான், திறந்து பார்ப்பேன். செய்தது சரியா என்று தெரியவில்லை. வாய்க்காலில் படுத்தே இருக்கக் கூடாது என்று தோன்றும். படுத்திருக்காவிட்டால் அந்த அம்மா சொல்வதை யாரும் கேட்டிருக்கமாட்டார்களே என்றும் தோன்றும். இப்போது வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். முடிவு தெரிய வருஷங்கள் ஆகும்.

முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவர்கூட இரண்டாவதைப் பார்க்கவில்லை. அதன் கீழே மொத்தம் ஆறு கருத்துகள். ஒன்று, ஏமாற்றிவிட்டீர்கள் என்கிறது. இரண்டு, நடிப்பைப் பாராட்டுகின்றன. மற்ற இரண்டில் கும்பிடும் கைகள் மட்டும். போன வாரம் ஆறாவதாக ஒருவர், அப்போ செத்தது யாரு என்று கேட்டிருந்தார். வீடியோ முழுக்க அவள் படத்தைக் கையில் பிடித்திருந்தேன். ஆனாலும் கேட்டிருந்தார். நான் அவள் பெயரை இனிஷியலோடு தட்டச்சு செய்தேன், ஊரை எழுதினேன், வயதை எழுதினேன், ஒரு பெண் குழந்தை என்று எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு அனுப்பினேன். இதுவரை யாரும் பதில் போடவில்லை.